அறுபத்து மூன்று முன்னறிவிப்புகள்

ஜூன் 3
இன்றைய வானிலை நாங்கள் சொன்னதற்கு நேர்மாறு. மூன்று பேர் தொலைபேசியில் திட்டினார்கள். மூன்றாவது ஆள் என் மனைவி. "மாடியில போட்ட துணியெல்லாம் நனைஞ்சு போச்சு. இனிமே பக்கத்து வீட்டு அக்காவையே கேட்டுக்கறேன்."

எங்கள் உள்ளூர் டிவியின் வானிலைப் பிரிவில் மொத்தம் மூன்று பேர். முன்னறிவிப்பு எழுத நான். கேமரா, விளக்கு, வண்டி எல்லாம் ஒட்டடைக்குச்சி என்று நாங்கள் கூப்பிடும் ஒல்லி உதவியாளன். திரையில் தோன்றிச் சொல்ல ஒரு பெண். கர்ப்பிணி, அவளுக்கு இது எட்டாவது மாதம்.

ஜூன் 5
மேலாளர் கூப்பிட்டார். "மூணு மாசம் லீவுன்னா வேற பொண்ணைத்தான் போடணும். அப்புறம் அந்தப் பொண்ணைப் போகச் சொல்ல முடியாது. ரெண்டு பேருக்கு இங்க இடமில்ல."

அவளிடம் சொன்னேன். "வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்ணா" என்றாள். அழவில்லை. ஆறரை மணி ஒளிபரப்புக்குத் தலை சீவப் போய்விட்டாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 6
குளிக்கும்போது யோசனை வந்தது. எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால்? வானம் செய்வதே நாலைந்து வேலைதான். மேலாளர் ஒத்துக்கொண்டார். "ஆனா ஒரு புகார் வந்தாலும் புதுப் பொண்ணுதான்."

ஜூன் 14
பதிவு முடிந்தது. வெயில் இருபது, மேகமூட்டம் பதினெட்டு, லேசான மழை பத்தொன்பது, கனமழை ஆறு. உடை ஒன்பது, அதில் நாலு ஒட்டடைக்குச்சியின் மனைவியிடம் இரவல். வெப்ப அளவை அவள் வாயால் சொல்வதில்லை. "திரையில பாக்கறீங்க" என்று கையை நீட்டுவாள், எண்ணை அன்றன்றைக்கு நான் போட்டுக்கொள்வேன்.

கடைசிப் பதிவு முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்தாள். "இந்த வருஷத்து மழையெல்லாம் நானே பெஞ்சு முடிச்ச மாதிரி இருக்குண்ணா."

ஜூலை 2
பெண் குழந்தை. இருவரும் நலம். மாலையில் நிறைமாத வயிற்றோடு திரையில் வந்து லேசான மழை என்றாள். பெய்தது.

ஜூலை 19
அவள் கை எப்போதும் வலது மேல் மூலையையே காட்டுகிறது. இன்று மேகம் இருந்தது தெற்கே. மேகத்தை நகர்த்த மனசு வரவில்லை. வரைபடத்தை நகர்த்தினேன். பாதி ஊர் திரைக்கு வெளியே போய்விட்டது. யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8
ஒரு பெரியவர் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணுக்கு இன்னுமா பிரசவம் ஆகல? நல்ல டாக்டரா பாக்கச் சொல்லுங்க சார்."

சொல்கிறேன் என்றேன். இது புகாரா, அக்கறையா? அக்கறை என்று முடிவு செய்தேன்.

ஆகஸ்ட் 21
நேரலை முடித்து வந்து எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு அணையின் பொறியாளர் பேசினார். எட்டு மணிக்கு மதகைத் திறக்கிறார்கள். ஆற்றங்கரைத் தெரு மூன்றும் அதற்குள் காலியாக வேண்டும். ஒலிபெருக்கி வண்டி அனுப்பியிருக்கிறார்களாம். இந்த மழை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

கனமழைப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஆறிலும் சிரிக்கிறாள். ஆறிலும் "குடையை எடுத்துக்கிட்டுப் போங்க" என்கிறாள். அறுபத்து மூணு எடுத்தியேடா மடையா, வீட்டை விட்டுக் கிளம்புங்கன்னு ஒண்ணு எடுக்கத் தோணுச்சா?

"கீழ எழுத்து ஓட விடலாமா சார்?" என்றான் ஒட்டடைக்குச்சி. மேலே ஒருத்தி சிரித்தபடி குடையைப் பற்றிப் பேசும்போது கீழே ஓடுகிற எழுத்தை யார் நம்புவார்கள்?

அவளைக் கூப்பிட்டேன். நான் நேரலையில் போனால் குட்டு உடையும், உன் இடம் போகும் என்றேன். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. "இதைப் போய் என்கிட்ட கேப்பீங்களாண்ணா? போய் உக்காருங்க" என்று வைத்துவிட்டாள்.

உட்கார்ந்தேன். காட்டியதெல்லாம் பழசு, இதுதான் இப்போதையது என்று சொல்லாவிட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். "அவங்களுக்குக் குழந்தை பொறந்து ஏழு வாரமாச்சு. இத்தனை நாள் நீங்க பாத்தது பதிவு. நான் பதிவு இல்ல, இப்பப் பேசறேன், கிளம்புங்க." தெருப் பெயர்களை மூன்று முறை சொன்னேன். வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22
மூன்று தெருவிலும் இடுப்பளவு தண்ணீர். உள்ளே ஆள் ஒருவரும் இல்லை.

அவள் இடம் போச்சு. நான்தான் போக்கினேன்.

ஆகஸ்ட் 23
மேலாளர் அறை. நூற்று எண்பத்தாறு அழைப்புகளாம். என்னைத் திட்டுவதற்காக ஒவ்வொன்றையும் தாளில் குறித்து வைத்திருந்தார். ஆற்றைப் பற்றி ஒன்பது. மீதியெல்லாம் ஆணா பெண்ணா, யார் சாயல், தாய்க்கு உடம்பு தேவலையா.

"இவங்களுக்கெல்லாம் நான் என்னய்யா பதில் சொல்றது?"

"பொண்ணுன்னு சொல்லுங்க சார்."

மறுபடி மணி அடித்தது. அவரே எடுத்தார். "பொண்ணுங்க… ஆமாங்க, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க… எப்ப வருவாங்களா?" என்னை ஒரு முறை முறைத்தார். "அக்டோபர் ஒண்ணாந்தேதிங்க. அவங்க இடம் அவங்களுக்குத்தாங்க."

வெளியே வந்து மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கண் கலங்கியது.

செப்டம்பர் 4
தினமும் நானே திரையில். இன்று மனைவி பார்த்தாளாம். "காலரைச் சரி பண்ணிக்கோங்க" என்றாள். மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 1
அவள் வந்துவிட்டாள். ஆறரைக்கு நேரலை. நன்றாக மெலிந்திருக்கிறாள்.

முடிந்ததும் ஒரு அம்மா கூப்பிட்டார். "யாருங்க இது புதுசா? இதெல்லாம் எங்களுக்குச் சரிப்படாது. அந்தப் பழைய பொண்ணையே போடுங்க."

"அவங்கதாம்மா இவங்க" என்றேன். நம்பவில்லை.

புகார்தான், சந்தேகமே இல்லை; புதுப் பொண்ணு வேண்டாமாம். ஒரு வரி விடாமல் எழுதி, தேதி போட்டு, மேலாளர் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன்.