என்னைச் சிலோனுக்கு அனுப்பிய மாமாவுக்கு

மாமா,

இன்று காலை பாகலூர் ரோட்டில் தீவனக் கடை வாசலில் என் கால் தானாக நின்றுவிட்டது. உள்ளே ஒரு ஆள் கடலைப் புண்ணாக்கை உடைத்துக் கொட்டிக்கொண்டிருந்தான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் ஓசூரில் இல்லை. கவுடர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் செம்பை முழங்காலில் இடுக்கிக்கொண்டு குந்தியிருக்கிறேன். பின்னால் வந்த கம்பெனி பஸ் காது கிழிய ஹாரன் அடித்தது. "நடுரோட்டுல நின்னு என்னத்தம்மா மோந்து பாக்கற? ஓரமா வா" என்று நம் சின்ன மகள் கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டுக்கு வந்தும் அந்த வாசனை போகவில்லை. நீங்கள் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கட்டிய புருஷனுக்கு இனிமேல் என்ன கடிதம் என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். காகிதத்தை எடுத்துவிட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் குருபரப்பள்ளி கவுடரின் கறவைக்காரி, நீங்கள் அவருடைய வண்டிக்காரர். நான் கறக்கும் பாலை நீங்கள் கிருஷ்ணகிரிக்கு ஓட்டிப் போவீர்கள். அவர் வீட்டுப் பசுக்களுக்குக் கன்னடம்தான் தெரியும், உங்கள் வண்டி மாடுகளுக்குத் தெலுங்கு. நாம் சண்டை போட்டுக்கொண்டது மட்டும் தமிழில். உங்கள் அப்பா, என் அப்பா, அவர்களுக்கு முந்தியவர்கள் எல்லோரும் ஊரான் மாட்டைக் குளிப்பாட்டி, மேய்த்து, கறந்து கொடுத்தவர்கள். நம் வீட்டு வாசலில் மட்டும் ஒரு மாடு நின்றதில்லை. மழை பெய்தால் கவுடர் வீட்டுக் கன்றுக்குட்டிக்குச் சாக்கு போர்த்திவிட்டு நீங்கள் நனைந்தபடி வந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், சிலோனில் கண்டிப் பக்கத்துப் பால்பண்ணை முதலாளிக்காக ஒரு ஏஜெண்ட் வந்தார். பத்துப் பசு வேண்டும் என்றார். பார்த்தார், பிடித்துப் போயிற்று. ஆனால் அவருடைய ஆள் உட்கார்ந்து கறந்தபோது ஒரு பசுவும் பாலை இறக்கவில்லை. செவலைப் பசு விட்ட உதையில் செம்பு கொட்டகைக் கூரை வரைக்கும் போனது. நான் போய் முதுகைத் தடவி கன்னடத்தில் "பா, பா" என்று கூப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்தேன். செம்பு நுரைத்து வழிந்தது. அன்றைக்கே பேச்சு முடிந்தது. மாட்டோடு கறவை ஆளும் இரண்டு வருஷம் அங்கே போய் இருக்க வேண்டும், அங்கிருப்பவர்களுக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். போய்விட்டு வந்தால் ஒரு கிடேரிக் கன்று நமக்கே சொந்தம் என்று கவுடர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். நம் வாசலில் ஒரு மாடு!

அந்த வருஷங்களில் சிலோன் போவது சுலபமில்லை. பாஸ்போர்ட், பெர்மிட் என்று கெடுபிடி. வேலை ஆள் ஒருவருக்குத்தான் பெர்மிட் என்றும், அவன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்றும் ஏஜெண்ட் விளக்கினார். "உன் பேருல எழுதிக்கலாம்ப்பா. பால் கறவைத் தொழிலாளின்னு. சம்சாரமும் புள்ளைங்களும் கூட வந்துருவாங்க. அங்க போய் யார் கறந்தா என்ன?" அவர் சொன்னது எனக்குத் தேனாக இருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மை குத்தியாயிற்று. கிருஷ்ணகிரி ஸ்டூடியோவில் நால்வரும் மூச்சை அடக்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்த ஊரில் குளிர் கடுமை என்றார்கள். நீங்கள் சந்தையில் நான்கு கம்பளி வாங்கி, ஒவ்வொன்றையும் மாட்டுக்குப் போர்த்துவதுபோல என் மேல் போட்டு அளந்து பார்த்தீர்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பிறகு தாலுகா ஆபீஸ். விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று ஏஜெண்ட் பஸ்ஸிலேயே உங்களுக்கு மூன்று தடவை பாடம் நடத்தினார். நீங்களும் மூன்று தடவை சரியாகச் சொன்னீர்கள். குமாஸ்தா பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கேட்டார்: "உன் தொழில் என்னப்பா?"

நீங்கள் அந்தப் பேனாவைப் பார்த்தீர்கள். "வண்டி ஓட்டறேனுங்க" என்றீர்கள்.

"இதுல பால் கறவைன்னு இருக்குதே?"

"அது இவளுங்க."

ஏஜெண்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். குமாஸ்தா நல்ல மனிதர். எரிந்து விழாமல் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப வேலைக்குப் போறது உன் சம்சாரமா? சரி. கூடப் போறவங்கன்னு இதுல மனைவி, மைனர் புள்ளைங்க, அவ்வளவுதான் அச்சடிச்சிருக்கான். புருஷனை எங்கய்யா நான் எழுதறது?" அடுத்த வாரம் யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பஸ் முழுக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். குருபரப்பள்ளியில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் வாயைத் திறந்தேன். "ஒரு பொய். ஒரே ஒரு பொய். அதுக்கு வாய் வரலையா உங்களுக்கு? கையில வந்த கன்னுக்குட்டியை அவுத்து விட்டுட்டீங்களே!"

"அங்க போனதும் அந்த முதலாளி செம்பைக் குடுத்து, எங்க கற பாக்கலாம்னா நான் என்ன பண்றது? அடுத்த கப்பல்ல நாலு பேரையும் ஏத்தி அனுப்பிருவான்." வழியில் கிடந்த முள்ளை ஓரமாகத் தள்ளினீர்கள். பிறகு சொன்னீர்கள், "அது கெடக்கட்டும். உன் கை வேலைக்கு எம் பேரை எழுதிக் குடுத்தா மாடே சிரிக்கும் புள்ள. நீ போ. கொட்டகையே கதின்னு கெடக்கறவ அங்க தனியா புள்ளைங்களை எப்படிப் பாப்ப? அதுங்களை இங்க நான் பாத்துக்கறேன்."

நான் நின்றுவிட்டேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டேன். மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போ என்று எந்தப் புருஷனாவது சொல்வானா? மூன்று நாள் நான் உங்களோடு பேசவில்லை. நீங்களும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. கொட்டகையிலிருந்து நான் வரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். களி கிண்டி இறக்கியிருப்பீர்கள். சின்னவள் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். பெரியவளுக்குத் தலை பின்னியிருப்பீர்கள், அதுவும் எப்படி? மாட்டுக்கயிறு திரிக்கும் முறுக்கில்! அதை அவிழ்க்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அவள் கண்ணில் தண்ணீர், நீங்கள் மட்டும் "அவுறாதுல்ல?" என்று பெருமையாகக் கேட்டுக்கொண்டு நின்றீர்கள். அந்த மூன்றாம் நாள் எனக்குள் ஏதோ இளகியது. இந்த மனிதர் வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாத் திட்டமும் நீங்கள் போட்டதுதான். கவுடரிடம் போய், பால் வண்டியில் பிள்ளைகளும் வருவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். பெரியவளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்குவது, சின்னவளைப் பால் கேன்களுக்கு நடுவே வைக்கோல் பரப்பி உட்காரவைப்பது. வெயிலுக்கு வண்டியில் ஒரு பக்கம் கீற்றும் கட்டிவிட்டீர்கள். கப்பலில் எனக்குத் துணைக்கு யார் என்று ஏஜெண்டை விடாமல் கேட்டு, அவர் மனைவியும் தங்கையும் அதே கப்பலில் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டீர்கள்.

செய்தி ஊத்தங்கரைக்கு எட்டி என் அண்ணன் ஓடி வந்தார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "பொண்டாட்டியைக் கடல் தாண்டி அனுப்பிட்டு நீ வூட்ல அடுப்பு ஊதப் போறியா? எங்க மானம் போவுதுய்யா!"

"ஆமாங்க மச்சான், ஊதத்தான் போறேன். இப்பவும் ஊதிட்டுத்தான் இருக்கேன். களி ஆயிருச்சு, கை கழுவிட்டு வாங்க."

அண்ணன் கை கழுவினார். களி கட்டி கட்டியாக இருந்தது. கீரைக்குழம்பில் உப்பு இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு உருண்டையைத் தின்றார். நீங்கள் கேட்காமலேயே இரண்டாவதைப் போட்டீர்கள். அதையும் தின்றார். போகும்போது என் பக்கம் திரும்பி, "உப்பு போடக் கத்துக் குடுத்துட்டுப் போ" என்றார். அவ்வளவுதான் அவர் சம்மதம்.

மறுபடியும் தாலுகா ஆபீஸ். இந்தத் தடவை வேலை ஆள் என்ற இடத்தில் என் பெயர். குமாஸ்தா எழுதிக்கொண்டே கேட்டார்: "புள்ளைங்களை யார் பாத்துக்கறது? உங்கம்மா இருக்காங்களா?"

"இல்லீங்க. நான்தானுங்க."

"அக்கா, தங்கச்சி?"

"நான்தானுங்க. தாய் செத்த கன்னுக்குட்டியை எல்லாம் வளத்து விட்டிருக்கேனுங்க. எம் புள்ளைங்களை வளக்க மாட்டேனுங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. 'தகப்பன் பொறுப்பில்' என்று எழுதி, மைப்பெட்டியை உங்கள் பக்கம் நகர்த்தினார். நீங்கள் கட்டை விரலைப் பதித்துவிட்டு, மையை வேட்டியில் துடைத்தீர்கள். அந்தக் கறையை வெளுக்க நான் பட்ட பாடு வேறு கதை.

புறப்படும் நாளில் ஹைவேயில் லாரி நின்றது. பத்துப் பசுவும் பலகையில் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தன. நீங்கள்தான் ஒவ்வொன்றாகப் பேசிப் பேசி ஏற்றினீர்கள். நானும் ஏஜெண்ட் குடும்பமும் அதன் பின்னால் பஸ்ஸில் போக வேண்டும். சின்னவள் உங்கள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்ப வேண்டாம் என்றீர்கள். "வேளாவேளைக்குத் தின்னு. மாட்டுக்கு வெச்சுட்டு உனக்கு வெச்சுக்க மறந்துருவ" என்றீர்கள். பஸ் கிருஷ்ணகிரியையும் தாண்டிப் போனபோதுதான் நான் நிஜமாகவே போகிறேன் என்று எனக்கு உறைத்தது. அழுதேன் மாமா. தூத்துக்குடி வரைக்கும் அழுதேன்.

அங்கே இரண்டு வருஷம் மலையும் பனியும்தான். பசுக்களுக்கு அந்தப் புல் பிடிக்க ஆறு மாசம் ஆயிற்று. சிங்களம் பேசும் ஆட்கள் கன்னடத்தில் "பா, பா" என்று கூப்பிடப் பழகினார்கள். சம்பளப் புத்தகத்தில் என் பெயரைத்தான் எழுதினார்கள். உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. உங்களுக்குப் படிக்கத் தெரியாது. பெரியவளின் வாத்தியார்தான் படித்துச் சொல்ல வேண்டும், அவர் படித்தால் பக்கத்து வீடுகளும் வந்து உட்கார்ந்துவிடும். அத்தனை பேர் காதில் விழுகிற மாதிரி நான் என்ன எழுத? ராத்திரியில் பிள்ளைகள் ஞாபகம் வந்து கம்பளியைக் கடித்துக்கொண்டு கிடந்ததை எழுதவா? உங்களைத் தேடுகிறது என்று எழுதவா? அதனால் மாட்டுச் செய்தியாக எழுதினேன். செவலைக்கு மடி வீக்கம், பத்துப் போட்டிருக்கிறேன். கறுப்பி கன்று போட்டாள், கிடேரி. இங்கே மழை. நான் சௌக்கியம். எழுதி ஒட்டிவிட்டு, இதுவா ஒரு பெண்டாட்டி எழுதுகிற கடிதம் என்று எனக்கே வெட்கமாக இருக்கும்.

வாக்கு மாறாத மனிதர் கவுடர். நான் திரும்பிய மறு வாரம் கிடேரிக் கன்றைக் கொடுத்தார். அதன் வம்சத்தில்தான் நம் இரண்டு பெண்களையும் படிக்கவைத்தோம். ஊரில் எனக்குச் சிலோன்காரி என்று பெயர் விழுந்தது. உங்களைச் சிலோன்காரி புருஷன் என்று கிண்டல் பண்ணினார்கள். நீங்கள் ஒரு நாளாவது முகம் சுளித்ததுண்டா? புது ஆள் யாராவது வந்து நீங்கள் யார் என்று கேட்டால், "சிலோன்காரி வூட்டுக்காரனுங்க" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்வீர்கள். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

ஆனால் என் பெருமை அதில் எல்லாம் இல்லை. நான் திரும்பி வந்த அன்றைக்கு நடந்ததில் இருக்கிறது.

குருபரப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நீங்கள் இளைத்திருந்தீர்கள். பெரியவள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது. உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வேட்டியைப் பிடித்தபடி என்னை எட்டிப் பார்த்தாள். பெற்ற பிள்ளைக்கு என் முகம் தெரியவில்லை. இதற்காகவா போனேன், ஒரு கன்றுக்குட்டிக்காகவா என்று ரோட்டிலேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

அவள் வேட்டியை விடாமலேயே கேட்டாள்: "செவலைக்கு மடி வீக்கம் போயிருச்சா?"

எனக்குப் புரியவில்லை. பெரியவள்தான் சொன்னாள், "அப்பா தெனமும் சொல்லும்மா. இந்நேரம் அம்மா செவலையைக் கறக்குது, இந்நேரம் கறுப்பிக்குத் தண்ணி காட்டுதுன்னு. அது சொல்லாட்டி இவ சோறு திங்க மாட்டா."

நான் எழுதிய அந்தக் கேடுகெட்ட மாட்டுச் செய்திகளை வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம், தினமும், என்னை அந்த வீட்டில் இருக்கவைத்திருக்கிறீர்கள். நான் உங்களை நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வெயில் ஏறுது, நடங்க" என்று முன்னால் போய்விட்டீர்கள்.

அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகு சேர்ந்து வாழ்ந்த அத்தனை வருஷத்திலும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை வாத்தியார் படிக்கப் போவதில்லை, பக்கத்து வீட்டார் கேட்கப் போவதும் இல்லை. உங்களுக்கு வாக்கப்பட்டதில் எனக்கு அவ்வளவு பெருமை, மாமா.