செங்கோடன் களத்தில் நின்றது

6-2-83, ஞாயிறு

கால்பந்துக்கு இன்றும் பத்துப் பேர்தான். பின்வரிசை ஆடும் வேலுசாமி லாரியோடு பம்பாய் போய்விட்டான். தன் தம்பி செங்கோடனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாள் மனைவி கமலவேணி. அவனுக்கு வயது இருபத்தாறு. புத்தி ஆறேழு வயதுப் பிள்ளைக்கு உள்ளதுதான். "ஓடறான், ஒதைக்கறான். உங்க ஆட்டத்துக்கு வேறென்னங்க வேணும்?" என்றாள். வரச் சொன்னேன்.

13-2

பயிற்சியில் எதிர்ப்பக்கம் ஆடிய மணியனைக் காட்டி, "இவன் கூடவே நில்லு, உட்டுடாதே" என்றேன். விடவில்லை. இடைவேளையில் மணியன் ஒன்றுக்குப் போகப் புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினான். செங்கோடன் அங்கேயும் போய் நின்றான். அவன்மேல் தப்பில்லை. நான் சொன்னது அப்படி.

18-2

விசில் ஊதினால் நிற்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க நாலு சாயங்காலம் ஆயிற்று. இன்று ரோட்டில் கண்டக்டர் ஊதியதற்கும் நின்றான். பஸ்ஸும் நின்றது.

26-2

சேலத்துப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் செவ்வாய்ப்பேட்டை போனேன். ஒரு துணிக்கடை மாடியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். "உங்க டீம்ல ஒரு கிறுக்கன் ஆடறானாமே, யாருங்க அது?" என்றார் எழுதியவர்.

"எங்கூருப் பையன்" என்றேன்.

வெள்ளிக்கிழமைக்குள் அவன் பெயரை எடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அணியே கிடையாது.

எங்கூருப் பையன். எட்டு வருஷமாக ஒரே வீட்டில் சோறு தின்கிறோம் — மச்சினன் என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை?

27-2

கமலவேணியிடம் சொன்னேன். தம்பிக்கு முதலில் தட்டை வைத்தாள். செங்கோடன், "மச்சான், பஸ்ஸுல போறமா?" என்றான். "போறோம்" என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ தெரியவில்லை.

4-3, வெள்ளி

பயல்களிடம் கேட்டேன். மணியன்தான் முதலில் பேசினான்: "அவன் இல்லீன்னா நானும் வல்லீங்க, ராசப்பண்ணா." மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

மறுபடி மாடி ஏறினேன். "அவன் என் மச்சினனுங்க. அவன் பேரை அடிச்சா மத்த பத்துப் பேரையும் அடிச்சுருங்க."

அவர் பேனாவை மூடினார். "இதுவரைக்கும் மூணு டீம்தாங்க வந்திருக்குது. ஆடட்டும்" என்றார்.

என் பேச்சில் மனம் மாறினார் என்று எழுத ஆசைதான்.

6-3, ஞாயிறு

மூன்றுக்கு ஒன்று. தோற்றோம்.

எதிரணியில் பேர்போன முன்வரிசைக்காரன் ஒருவன். செங்கோடனை அவன்கூட நிறுத்தினேன். கூட்டத்தில், "கிறுக்கா, கிறுக்கா" என்று கத்தினார்கள். செங்கோடன் கையை ஆட்டிவிட்டு அவனோடு ஓடினான். அந்த முன்வரிசைக்காரன் ஒரு கோலும் போடவில்லை. மூன்றும் மற்றவர்கள் போட்டது. பிற்பாதியில் கத்தல் ஓய்ந்துவிட்டது. முடிந்ததும் அந்த முன்வரிசைக்காரனே வந்து செங்கோடனுக்குக் கை கொடுத்தான். நான் கோல் கம்பத்துப் பக்கம் போய்ப் பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன். அவிழ்ந்திருக்கவில்லை.

பஸ்ஸில், "செயிச்சமா மச்சான்?" என்றான்.

"தோத்துட்டோம்."

"செரி. மறுக்கா எப்பங்க?"

13-3

ஜலகண்டாபுரத்திலிருந்து தறி நெய்கிற ஓர் அம்மா வந்திருந்தார். கூடவே மகன் பொன்னன். இருபது வயது, செங்கோடனைப் போலத்தான். "சேலத்து ஆட்டத்தை எந்தம்பி பார்த்தானுங்க. இவனையும் ஆட உடுவீங்களா?" என்றார்.

வரட்டுங்க என்றேன்.

ஆள் ஒன்று கூடிவிட்டது. யாராவது வெளியே உட்கார வேண்டும். காப்டன் நான்தான், முடிவு செய்தேன்.

அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் முழுக்கப் பார்த்தேன். பரவாயில்லை, நன்றாகவே ஆடுகிறார்கள்.