வேணு போட்ட போர்

கம்மாபுரம்
8-2-1984

அன்புத் தங்கை அமிர்தத்துக்கு,

அண்ணன் வேணு எழுதுவது. நானும் உன் அண்ணி கலியம்மாளும் குழந்தை பாப்பாவும் நலம். பொங்கலுக்கும் நீ வரவில்லை. பாப்பா உன்னை மறந்தே போவாள். நெய்வேலி சுரங்கத்தில் எனக்கு இன்னும் காண்ட்ராக்ட் வேலைதான். பர்மனென்ட் என்ற பேச்சே இல்லை.

மோட்டார் இல்லாமலே பொங்கி வந்ததே நம் போர்த் தண்ணீர், இப்போது மோட்டார் போட்டாலும் காற்றுதான் வருகிறது. குடிக்கவே பக்கத்துக் கொல்லை பன்னீர்செல்வத்தின் கிணற்றுக்குப் போகிறோம். மாட்டை விற்று ஆழமாக வேறு போர் போடலாம் என்கிறேன். கலியம்மாள், “மாட்டையும் வித்துட்டு எத்த வச்சிகினு பொழைக்கறது? போட்டீங்கன்னா நான் முத்தாண்டிக்குப்பத்துக்கு, அம்மா வூட்டுக்குப் போயிடுவேங்க” என்கிறாள்.

நீ கம்ப்யூட்டரில் நிலத்தடி நீர் ஓட்டத்தைத்தானே ஆராய்கிறாய்? நம் நிலத்தில் தண்ணீர் வருமா என்று அதைக் கேட்டுச் சொல்.

உன் அண்ணன்,
வேணு


சென்னை
19-2-1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கம்ப்யூட்டருக்குத் தானாக ஒன்றும் தெரியாது. நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் என்ன, மண் எவ்வளவு நீரை விடும் என்று நாம்தான் கொடுக்க வேண்டும். ஒரு சதுரத்தில் மட்டம் இறங்கினால் பக்கத்துச் சதுரத்து நீர் அங்கே ஓடும். வந்தது, போனது, தங்கியது மூன்றும் கணக்கில் பொருந்த வேண்டும். ஒன்றை மாற்றினால் சுற்றியுள்ளவையும் மாறும். அதனால் மாற்றம் அடங்கும்வரை கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பக் கணக்குப் போடும். நாம் எடுத்துக்கொண்ட பரப்பின் ஓரங்களுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதை மட்டும் நாமே அனுமானிக்க வேண்டும். தவறு பெரும்பாலும் அங்கேதான் வரும்.

கம்ப்யூட்டர் படிப்பதற்காக நம் பக்கத்து விவரங்களை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு என் முறைக்குக் காத்திருக்கிறேன். அதுவரை மாட்டை விற்காதீர்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
அமிர்தம்


சென்னை
2-4-1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. கோபமா?

விடை வந்துவிட்டது. நல்ல மழை பெய்வதாக வைத்துப் போட்டேன். ஓரத்து அனுமானங்களை நமக்குச் சாதகமாக மாற்றியும் போட்டேன். எப்படிப் போட்டாலும் நம் பக்கம் மட்டம் இறங்கிக்கொண்டேதான் போகிறது. சுரங்கத்தில் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைக்கிறார்கள்; இறைக்காமல் அதற்குள் யாரும் வேலை செய்ய முடியாது. சுற்றிலும் போர்கள் பெருகிவிட்டன. மழையும் போதவில்லை. புதுப் போரில் கொஞ்ச காலம் தண்ணீர் வரலாம், நிற்காது. போடாதீர்கள் அண்ணா. நேரில் வந்து சொல்லத்தான் ஆசை. இந்த மாதம் லீவு கிடைக்காது.

அமிர்தம்


கம்மாபுரம்
30-6-1984

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் மாட்டை விற்றுப் போர் போட்டேன். மறைக்க ஒன்றுமில்லை. கரும்பு கண்ணெதிரே கருகும்போது சும்மா உட்கார முடியவில்லை. தண்ணீர் வந்தது. கலியம்மாள்கூடச் சிரித்தாள். பாப்பா தண்ணீரிலேயே கிடந்தாள்.

பிறகு சேறு வந்தது, அப்புறம் காற்று. அதற்குள் பன்னீர்செல்வத்தின் கிணறும் வற்றிவிட்டது. அவன் என்னைத் திட்டவில்லை. “ஏன் வேணு, போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?” என்றான், அவ்வளவுதான். நீ எழுதியிருந்ததை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கலியம்மாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் போய்விட்டாள். கூப்பிடப் போனேன். வாசலுக்கு வரவில்லை.

நிலம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. சுரங்கத்தில் எனக்கு அந்தத் தண்ணீரை இறைக்கிற பம்ப் இருக்கிற பக்கம் ஷிப்ட் மாற்றியிருக்கிறார்கள். போகிறேன், வருகிறேன்.

லீவு கிடைத்தாலும் நீ வர வேண்டாம். பதிலும் எழுதாதே அமிர்தம். கடிதம் வந்தாலும் பிரிக்க மாட்டேன்; நீ சொன்னதை மீறியவனுக்கு அதைப் படிக்க முகமில்லை.

வேணு