வகிட்டுக்கு இடப்பக்கம்

அன்பு மனைவிக்கு,

நானும் குட்டியும் நலம். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். என் வரையில் அது உண்மை. குட்டியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதறிவிடாதே. காய்ச்சல், அடி என்று எதுவும் இல்லை. சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். போனில் சொல்லலாமென்றால், நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் என் தோளில் தொங்கிக்கொண்டே இருக்கிறாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் தம்பி லீவு முடிந்து நீ இருக்கும் ஊருக்கே திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் அவளுக்கு முடி கொட்டுகிறது என்றுதான் நினைத்தேன். ஒருநாள் காலையில் படுக்கையை மடிக்கும்போது தலையணைக்கு அடியில் சுருட்டி வைத்தாற்போல் முடி. அவளை உட்காரவைத்துப் பார்த்தால், வகிட்டுக்கு இடப்பக்கம் தலைத்தோல் தெரிகிறது. என் கட்டைவிரலை வைத்தால் மறைகிற இடம்தான். நீ வேலைக்கு அங்கே போகும்வரை அவள் தலையை நான் தொட்டதே இல்லையே. இப்போது லேத் பட்டறையில் இரும்பு கடைகிற கையால் பின்னுகிறேன். விரலில் இருக்கும் பிசிறில் முடி சிக்கும், அவள் "ஸ்ஸ்" என்று தோளைக் குறுக்குவாள். என் கைதான் காரணமோ என்று அன்றைக்குப் பட்டறையில் வேலையே ஓடவில்லை.

சாயங்காலமே கடைக்குப் போனேன். ஷாம்புக்கு மட்டும் ஒரு சுவர் முழுக்க அலமாரி, பார்த்திருக்கிறாயா? முடி உதிர்வுக்கு, பொடுகுக்கு, வறட்சிக்கு, பளபளப்புக்கு என்று ஆளுக்கொரு சத்தியம் செய்கிறது. எது பெரிய சத்தியமோ அதை எடுத்துவந்தேன். கூடவே முடி வளரும் எண்ணெய். தினமும் தேய்த்துக் குளிப்பாட்டினேன். முடி வைக்கோல் மாதிரி ஆனதுதான் மிச்சம். அந்த இடமும் அகலமானது.

தெருமுனைப் பார்லர்க்காரப் பெண்ணிடம் பாட்டிலோடு போய் நின்றேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, இது சாயம் அடிச்ச பெரியவங்க தலைக்கு. புள்ளைக்கு எதுக்குண்ணே இது? அதுவும் தினமும் போட்டீங்களா?" என்றாள். அப்புறம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். மென்மையான ஷாம்பு போதும், அதுவும் வாரத்துக்கு இரண்டு தடவை, தலைத்தோலில் மட்டும். கண்டிஷனரை நுனிமுடிக்குத்தான் தடவ வேண்டும், நான் உச்சியில் கொட்டிக்கொண்டிருந்தேன். துண்டால் பரபரவென்று தேய்க்கக் கூடாது. ஈரத்தோடு இறுக்கிப் பின்னக் கூடாது. பல் அகலமான சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வர வேண்டும். நான் இத்தனை நாளும் உச்சியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தேன், பாவம் பிள்ளை. எல்லாவற்றையும் மாற்றினேன். வைக்கோல் மறுபடி முடியானது. அந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது.

நேற்று பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா விளக்கு வைத்த கண்ணாடியால் ரொம்ப நேரம் பார்த்தார். குட்டியை வெளியே நர்ஸோடு அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "தலை சுத்தமா ஆரோக்கியமா இருக்குங்க. முடி தானா கொட்டல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளத்துல அறுந்திருக்கு. பாப்பாவே பிடுங்கிக்கிறா. அவளுக்கே தெரியாம கூடச் செய்யலாம். எந்த ஷாம்பும் எண்ணெயும் இதுக்கு உதவாது." திட்டக் கூடாது, கையைத் தட்டிவிடக் கூடாது, மனசில் என்ன இருக்கிறதென்று பாருங்கள் என்றார். பிள்ளைகளோடு பேசுகிற ஒருவரின் விலாசமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வருகிற வாரம் போகிறோம்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவளிடம் எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் தானாகத் திரும்பி, "அப்பா, அம்மா அந்த வீட்டுப் பாட்டிக்குத் தினமும் தலை வாரி விடுறாங்களா?" என்றாள். ஆமாம், அதுதானே அம்மாவுக்கு வேலை, அவங்களால கையைத் தூக்க முடியாதில்ல என்றேன். "அவங்களுக்கு வலிக்காம வாருவாங்களா?" என்றாள். வலிக்காமல்தான் என்றேன். அவள் கை வகிட்டுக்குப் போவதைப் பார்த்தேன். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, தட்டிவிடாமல் அந்தக் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீடியோவில், நீ பார்த்துக்கொள்கிற அந்தப் பெரியம்மாவின் வெள்ளை முடியை நீ ஆசையாகப் பின்னிக் காட்டினாயே, அன்றைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ அங்கே போனது நம் மூன்று பேருக்காகத்தான். அந்தப் பெரியம்மாவும் நன்றாக இருக்கட்டும்.

இன்று காலை அவள் கை சும்மா இருக்கக் கூடாதென்று சீப்பை அவளிடம் கொடுத்து, எனக்கு வாரி விடச் சொன்னேன். என் தலையில் வாருவதற்கு என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும். "அசையாதீங்கப்பா, இருக்கிறதும் போயிடும்" என்று அதட்டிக்கொண்டே வாரினாள். வெகுநேரம் வாரினாள். அவ்வளவு நேரமும் அவள் கை அவள் தலைக்குப் போகவில்லை. இது நாளைக்கும் நடக்குமா என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கலாமா என்று கேட்டிருந்தாய். உன் இஷ்டம் என்று போனில் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். நீ பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும், உன் கையைக் கட்டிப்போட மாட்டேன். ஒன்று மட்டும் செய். அவளிடம் தலையைப் பற்றிக் கேட்காதே. நான் எழுதியது தெரிந்தமாதிரியும் காட்டிக்கொள்ளாதே. அப்பா உனக்கு எப்படிப் பின்னுகிறார் என்று மட்டும் கேள், அவளே பேசுவாள். கையில் இருக்கும் வேலையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு நிதானமாகக் கேள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு ஒரு குறையும் வராது.

என்றும் உன்,
குட்டியின் அப்பா