கோதுகளுக்கு எண்ணெய்

1992 மார்ச் 3, செவ்வாய்
மழை. முற்றம் முழுக்கச் சேறு. துப்பாக்கிக் கிளப்பில் சுட்ட பிஸ்டலின் வெறும் ரவைக்கோதுகள் நூறு, குசினி மேசையில். கூட வேலை செய்யும் வெள்ளையன் பழக்கிவிட்ட பைத்தியம். திரும்ப மருந்து நிரப்புமுன் கோதை அச்சில் அழுத்தி நேராக்க வேண்டும்; அதற்கு ஒவ்வொன்றுக்கும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. கூடினால் கோது நெளியும், குறைந்தால் அச்சுக்குள் இறுகும். போன கிழமை ஒன்று இறுகி, சனியன், இரண்டு மணித்தியாலம் வீண்.
வாங்க: பால், பழந்துணி, சாந்திக்கு மாங்காய் (ஏழாம் மாதம்).

மார்ச் 4
சாந்தியின் தம்பி ரவி குசினிக்கு வந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று கிழமை. பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டான். கதிரையை இழுத்துப் போட்டு, தானும் எண்ணெய் பூசத் தொடங்கினான். நிதானமான கை.
"எங்களைக் கொண்டுதான் கோது பொறுக்குவிச்சவங்கள், அத்தான்."
"ஆர்?"
"ஆமி. அப்பாவைச் சுட்டுப்போட்டு. பதினொண்டு. சூடு ஆறேல்லை."
கையிலிருந்த கோதைக் கீழே வைத்தேன். மாமா மாரடைப்பில் போனார் என்றுதான் மாமி எழுதியிருந்தா. வயிற்றுப்பிள்ளைக்காரிக்குத் தெரியக் கூடாதென்று மறைப்பு. எனக்கும்தான்.
மேலே சாந்தியின் காலடி. பயந்துபோனேன்.
"அக்காவுக்குத் தெரியக் கூடாது. பிள்ளை பிறக்கும் மட்டும் வாய் திறவாதை. சத்தியம் பண்ணு."
பண்ணினான்.

மார்ச் 5
கோதுகள், அச்சு எல்லாம் கராஜில் போட்டுப் பூட்டினேன். தொட மனமில்லை.
சாந்தி: "என்னப்பா, உங்கட விளையாட்டுச் சாமான் ஒண்டையும் காணேல்லை?" தலையிடி என்றேன்.
லோயர் போன். நாளை ரவிக்கு அகதி விசாரணை. நடந்ததைச் சொன்னால்தான் இங்கே நிற்கலாம். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "சொல்லுவான்" என்றேன். மறைப்பு சாந்திக்கு மட்டும்தானே. பெரிய கெட்டிக்காரன் நான்.

மார்ச் 6, வெள்ளி
கடுங்குளிர். விசாரணைக் கந்தோர் வாங்கில் மூன்று மணித்தியாலம் குந்தியிருந்தேன். லோயர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் ரவி.
"எல்லாம் சொன்னியே?"
"மொழிபெயர்க்க வந்தவர் ஆர் தெரியுமே, அத்தான்? அக்காவின்ர சிநேகிதி கலாவின்ர மனுசன்."
"அதுக்கு?"
"வெள்ளிக்கிழமை கோயிலில அக்காவும் கலாவும் சந்திக்கிறவையெல்லே. இண்டைக்குப் பின்னேரமே கதை அக்காவுக்குப் போயிடும்."
"என்னடா சொன்னனீ?"
"அப்பா மாரடைப்பில போனவர் எண்டு. எழுதித் திருப்பி வாசிச்சுக் காட்டினவங்கள். ஓம் எண்டு கையெழுத்தும் வைச்சிட்டன்."