பெட்டிக்குப் பின்னால் இரண்டு ஓட்டை

வெள்ளி, ஜூன் 6

சாயங்காலம் தூறல். குடை ஆபீசிலேயே. நனைந்துகொண்டே கோயிலுக்கு.

ஆறரைக்குப் பாட்டுப் பயிற்சி. இன்று நாலு பாட்டு. நாலும் ஜி சுருதியில். பெண்கள் குரலுக்கு அதுதான் வசதி என்று மாஸ்டர் எல்லாப் பாட்டையும் ஜி-யில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அது பேஸ் கிட்டாரில் எனக்குத் தடிமனான கம்பியில் மூன்றாவது ஃப்ரெட். அழுத்தினேன். பூம். என் ஸ்பீக்கர் பெட்டியோடு ஜன்னல் கண்ணாடி, தூண், மெழுகுவத்தி ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து பூம். அடுத்த சுரத்துக்குப் போன பிறகும் அந்த ஜி போகவில்லை.

ஆரோக்கியம் மாஸ்டர் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். எல்லார் முன்னாலும்.

"ஜெசிந்தா, தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டு வார்த்தை ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுங்க. கொழகொழன்னு இருக்குது. இருபத்தொம்போது திருவிழா. அதுக்குள்ளார சரி பண்ணிப் பாருங்க. இல்லாட்டிப் போனா கீபோர்டுல இடது கையிலயே பேஸ் போட்டுக்கலாம்ங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். எங்கள் ஊரில் 'வெளியே போ' என்பதையும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கதவைத் திறந்துகொண்டே, "எப்படி அம்மணி இருந்துச்சு பொட்டி?"

"நல்லாருந்துச்சுங்க. எங்க வாங்கினதுன்னு எல்லாரும் கேட்டாங்க."

முதல் பாதி பொய். இரண்டாவது பாதி தேவையே இல்லாத பொய். ஏன் சொன்னேன்?

சனி, 7

டெஸ்பாட்சில் மூன்று லாரி. ஒரே மாடல் பம்புக்கு இரண்டு விதமான லேபிள். மத்தியானம் சாப்பிடவில்லை. கால் வீக்கம்.

வாரத்தில் வெள்ளி ஒன்றரை மணி நேரம், ஞாயிறு ஒரு மணி நேரம். அந்த இரண்டரைதான் எனக்கென்று இருப்பது. மற்றதெல்லாம் கம்பெனிக்கும் சமையலுக்கும் ஆஸ்பத்திரிக்கும். அதுவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பஸ்ஸில் யோசித்தேன். பெரியநாயக்கன்பாளையம் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

மாஸ்டரிடம் "பெட்டிதான் கோளாறு, வேறு பெட்டி வைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்ல முடியாது. பெட்டி இவர் செய்தது.

இவருக்கு ஃபவுண்டரியில் பேட்டர்ன் வேலை. இரும்பில் வார்க்க வேண்டியதை முதலில் மரத்தில் செய்து கொடுப்பார், அதை மணலில் பதித்து அச்சு எடுப்பார்கள். படியில் வழுக்கி வலது தோள் போய் எட்டு மாதமாக வீட்டில். முதல் ஆறு மாதம் பேச்சே கிடையாது. டிவி ஓடும், பார்க்க மாட்டார். நான் போட்டதைச் சாப்பிடுவார், பாதி. அப்புறம் கோயிலில் பழைய ஸ்பீக்கர் கிழிந்துபோனதைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, "அம்மணி, அந்த டேப்பை எடு. உன்ற கிட்டாருக்கு நானே ஒரு பொட்டி செஞ்சு தாரேன்."

இடது கையாலேயே செய்தார். மெரைன் ப்ளைவுட். பத்து இன்ச் ஸ்பீக்கர் இரண்டு. உள்ளே நாலு சுவரிலும் சோமனூர்த் தறியிலிருந்து வாங்கி வந்த வேஸ்ட் பஞ்சு. பின்பக்கம் வட்டமாக இரண்டு ஓட்டை. செய்த ஒரு மாதமும் பேசினார், திட்டினார், இரண்டாம் தடவை ரசம் கேட்டார். இப்போது போய், அது சரியில்லை என்பதா?

வீட்டில் இவர் செய்த எதுவும் நேராக இருக்காது என்பது வேறு விஷயம். அரிசி டப்பா மூடி, குளியலறைக் கதவு ஆப்பு, எல்லாம் உள்பக்கம் அரை நூல் ஒல்லி, தச்சுக் கணக்கில் இம்மியளவு. பேட்டர்னை உருவும்போது மணல் உடையக்கூடாதாம், அதற்கு அந்தச் சாய்வு. அரிசி டப்பாவில் ஏதுங்க மணல் என்று கேட்டால், "கை அப்படியே பழகிப்போச்சு" என்பார்.

செய்து பார்க்க வேண்டியவை:
- பேஸ் குமிழைக் குறைப்பது
- கம்பி கட்டியிருக்கிற பிரிட்ஜ் பக்கம் தள்ளி மீட்டுவது
- மூலையிலிருந்து பெட்டியை வெளியே இழுப்பது
- பெஞ்சு மேல் ஏற்றுவது
- உளுந்து, கொத்தமல்லி, தோளுக்குத் தைலம்

ஞாயிறு, 8

குமிழைக் குறைத்தேன். மற்ற சுரமெல்லாம் செத்துப்போனது, ஜி மட்டும் உயிரோடு. பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தினால் பூ ஸ்டாண்டு இடிக்கிறது. திரும்ப மூலைக்கே.

பூசை முடிந்து முன் பெஞ்சு அம்மா ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வாசிச்சா வயித்துக்குள்ள என்னமோ பண்ணுதுங்க." பாராட்டா, புகாரா? கேட்க தைரியம் இல்லை.

இவர் வழக்கம்போல டீக்கடையில் காத்திருந்தார். கல்யாணமான இருபத்தொரு வருஷமாக அந்த டீக்கடைதான். கிறிஸ்துமஸுக்கும் அதே பெஞ்சு. வெறுப்பெல்லாம் இல்லை. இவர் இந்துக் குடும்பம், கோயிலுக்குள் வந்தால் அன்னூரில் இவர் ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்று ஆரம்பத்தில் ஒரு பயம். பயம் போய்க் கூச்சமாக நின்றுவிட்டது. நானும் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். அதனால் இவர் பெட்டி கோயிலுக்குள் எப்படிக் கேட்கிறது என்று இவருக்கே தெரியாது.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சுங்க."

புதன், 11

லீவு. காய்ச்சல் மாதிரி, காய்ச்சல் இல்லை. பழைய பெட்டியோ புதுப் பெட்டியோ, கோளாறு என் விரலில்தானா என்று ஒரு சந்தேகம். ஆட்டோ வைத்துப் பெட்டியைக் கோயிலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "சும்மா வாசிக்கலாம்னுங்க" என்றேன்.

சின்ன ஹால். சோபா, மெத்தை, திரைச்சீலை. ஜி அழுத்தினேன். அடடா! நெஞ்சில் கை வைத்த மாதிரி இருந்தது, அவ்வளவு இதமாக. இதே பெட்டி, இதே விரல். பளிங்குத் தரையும் முப்பது அடி கூரையும் இருக்கிற இடத்தில் வேறு குணம்.

இவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார்.

"அந்த ஓட்டை எதுக்குங்க?"

"அடைச்ச பொட்டின்னா சத்தம் சுருக்குன்னு நின்னுரும், ஆனா அடி கம்மி. ஓட்டை போட்டா உள்ளார இருக்கற காத்தும் சேர்ந்து பாடும். ஓட்டை எவ்வளவு பெருசு, எவ்வளவு ஆழம்னு பாத்து ஒரு சுரத்துக்கு வெட்டணும். அந்தச் சுரம் வந்தா காத்து தூக்கிக் குடுக்கும்."

"எந்தச் சுரத்துக்கு வெட்டினீங்க?"

"நீதான எப்பப் பாரு மாஸ்டரு ஜி-யிலயே குடுக்கறாரு, ஜி-யிலயே குடுக்கறாருன்னு பொலம்புவே? அதுக்குத்தான் தோதா வெட்டிப்போட்டேன். நாலு நாள் கணக்குப் போட்டேன் கண்ணு."

காப்பி வைக்கிறேன் என்று எழுந்து போனேன். அடுப்படியில் நின்று அழுதேன். நான் புலம்பியதைக் கேட்டு, நாலு நாள் கணக்குப் போட்டு, நான் அதிகம் வாசிக்கிற சுரத்துக்கே எனக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு சுரம்தான் என்னை வெளியே தள்ளப்போகிறது.

வெள்ளி, 13

காற்றும் மழையும். மரக்கிளை விழுந்து கரண்ட் இல்லை, ஏழு மணிக்கு வந்தது.

பெட்டியைத் திரும்ப ஆட்டோவில் கொண்டுபோய் பெஞ்சு மேல் ஏற்றினோம், நானும் கோயிலைத் திறந்து பூட்டுகிற கோயில்பிள்ளை சூசை அண்ணனும். தரை அதிர்வு நின்றது. சத்தம் கொஞ்சம் ஒல்லியானது. ஆனால் ஜி? பூம். பெஞ்சு சேர்ந்து ஆடியதுதான் மிச்சம். குழுவில் யாரோ சிரித்தார்கள்.

மாஸ்டர் தனியாகக் கூப்பிடவில்லை. அங்கேயே சொன்னார். "அடுத்த வெள்ளி வரைக்கும் பாக்கலாம்ங்க. அதுக்கு மேல முடியாதுங்க, கோவிச்சுக்காதீங்க. உங்க கையில குத்தமில்லை, ஆனா பேஸ் இல்லாம பாடினா நல்லாருக்குதுங்க."

பேஸ் இல்லாமல் நன்றாக இருக்கிறது. இதைக் கேட்கத்தான் மூன்று மாதமாக விரலில் தோல் உரிந்தது.

வீடு பூட்டியிருந்தது. பத்து நிமிஷம் கழித்து வந்தார். தலையெல்லாம் ஈரம். "சித்த நடந்துட்டு வந்தேன்" என்றார். எப்படி இருந்தது என்று இன்று கேட்கவில்லை. நானாகவே, "நல்லாருந்துச்சுங்க" என்றேன்.

"ம்."

ஞாயிறு, 15

எல்லா ஜி-யையும் மெல்லிய கம்பியில் வாசித்தேன். பூம் இல்லை. பேஸும் இல்லை. கொசு பாடுகிற மாதிரி. மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. அது இன்னும் மோசம்.

செவ்வாய், 17

தோள் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போகவில்லையாம். "நாளைக்குப் போறேன்." எரிச்சல். திட்டினேன், அதிகமாகவே. டீ டம்ளரில் மரத்தூள். என்ன செய்கிறார் என்று கேட்கவும் தெம்பில்லை. இன்னொரு அரிசி டப்பாவாக இருக்கும்.

பஸ்ஸில் மாஸ்டருக்கு மெசேஜ் எழுதினேன்: "திருவிழாவுக்கு கீபோர்டே இருக்கட்டுங்க. எனக்கும் வேலை ஜாஸ்தி." அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

வெள்ளி, 20

மழை இல்லை. வெயிலும் இல்லை. கடைசி நாள் என்று நினைத்துத்தான் போனேன். போனால் போகட்டும் என்று தடித்த கம்பியிலேயே ஜி அழுத்தினேன்.

பூம் வரவில்லை.

டும் என்று வந்தது, நின்றது. அடுத்த சுரம் தனியாக வந்தது. பெண்கள் பாடுகிற வார்த்தை முழுசாகக் கேட்டது. மாஸ்டர் கையை உயர்த்தினார், நிறுத்தப்போகிறார் என்று பார்த்தால் கட்டை விரலைக் காட்டினார். பாட்டு முடிந்ததும், "இப்பத்தாங்க நீங்க பேஸ் வாசிக்கறீங்க. ஊட்டுல நல்லாப் பழகினீங்களாட்ட இருக்குது. திருவிழாவுக்கு நீங்கதான்."

அரை மணி நேரம் என் விரலைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை! இதையும் எழுதி வைக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

வயரைப் பிடுங்கப் பெட்டிக்குப் பின்னால் கை விட்டேன். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் மரம். இரண்டிலும் வட்டமான மரக்கட்டை, கறுப்புச் சாயம், விளிம்பைச் சுற்றித் துணி, பிடிக்க ஒரு சின்னக் குமிழ். திருகி இழுத்தேன். வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது. வெளிச்சத்தில் பார்த்தேன். உள்பக்கம் அரை நூல் ஒல்லி.

கட்டையைத் திரும்பச் செருகினேன்.

"சூசை அண்ணா, இந்தப் பொட்டிகிட்ட யாராச்சும் வந்தாங்களா?"

"இல்லைங்க அம்மணி." பூட்டைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "வந்தாருன்னு சொல்லக்கூடாதுன்னு சொல்லிப்போட்டுப் போனாருங்க."

வீட்டில் இவர் தோசை சுட்டுக்கொண்டிருந்தார், இடது கையால், ஒவ்வொன்றும் ஒரு தேசப் படம்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சுங்க."

இத்தனை நாள் பொய்யாகச் சொன்ன அதே வார்த்தை. உண்மைக்கென்று தனியாக ஒன்று என்னிடம் இல்லை.

சனி, 21

வேலை. இரண்டு லாரி.

நாள் முழுக்கக் கோபம். பெட்டி கோளாறு என்று இவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. மாஸ்டர் போன் நம்பர் இவரிடம் கிடையாது. தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நாலு நாள் கணக்குப் போட்டு வெட்டியதைத் தானே கட்டை செய்து அடைத்துவிட்டு, தோசை சுட்டுக்கொண்டு, எப்படி இருந்தது என்று கேட்கிறார். எனக்கு வெட்கம், அதுதான் விஷயம். கோபம் என்று எழுதினால் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

மெசேஜை அழித்தேன்.

ஞாயிறு, 22

பூசையில் நன்றாக வந்தது. முன் பெஞ்சு அம்மா வயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இவர் டீக்கடையில் இல்லை. வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"இன்னைக்கு நல்லாருந்துச்சுங்க." பிறகு சொல்லிவிட்டேன். "போன வாரம் மோசம். அதுக்கு முந்தின வாரம் மகா மோசம். உங்ககிட்டச் சொன்னதெல்லாம் பொய்யிங்க."

வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தார். "தெரியும்."

"கோவமாங்க?"

"யாரு மேல? பொட்டி மேலயா, உன்ற மேலயா?" சிரித்தார். எட்டு மாதத்தில் இந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. "என்ற மேலதான் கோவம். இந்த ஹாலை வெச்சு அந்தக் கூரைக்குக் கணக்குப் போட்டேன் பாரு, என்னையச் சொல்லணும்."

"கட்டை ரொம்ப நல்லாருக்குதுங்க."

"எங்க நல்லாருக்குது? ரெண்டையும் அடைச்சதுல பூம் போச்சு, கூடவே அடியும் போச்சு. நீ கீழ எறங்கி வாசிக்கறப்ப சத்தம் மெலிஞ்சுருது. ஒண்ணை மட்டும் எடுத்துப்போடு. அப்ப காத்து தூக்கற எடம் ஜி-யை உட்டுக் கீழ எறங்கிரும். ஆனா எந்தப் பக்கத்து ஓட்டைன்னு கேட்டுப் பாத்துத்தான் சொல்லோணும்."

"யாரு கேட்டுச் சொல்றது? எனக்கு வாசிக்கறப்ப ஒண்ணும் தெரியறதில்லைங்க."

கத்தியைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயம்.

"அன்னைக்காட்டக் கோயில் வண்டி ஸ்டாண்டுல மழையில நின்னு கேட்டா பாதிதான் தெரியுது, அம்மணி. வெள்ளிக்கிழமை நானும் உள்ள வாரேன்."

இவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குப் போட வேண்டும். வியாழனுக்குள்.