விளக்கு அணைந்த நாடகம்

திருப்பாதிரிப்புலியூர்
4.8.2008

அன்பு மச்சான் அம்பலத்துக்கு,

நானும் என் வீட்டுக்காரி ஆரோக்கியமும் மகள் ஜான்சியும் சுகம். என் மீசைக்குத்தான் சுகமில்லை. நீ எழுதி அனுப்பிய நாடக நோட்டைச் சவரக் கடையில் உட்கார்ந்து படித்தேன். "இன்னைக்கு ஒன்ன முடிக்காம விடமாட்டன்டா" என்ற இடம் வந்ததும் என்னையறியாமல் கத்திவிட்டேன். கடைக்காரர் கை உதறிப் பாதி மீசை போயிற்று. மீதியையும் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஜான்சி கதவைத் திறந்து, "அப்பா வெளிய போயிருக்காரு, அப்பறமா வாங்க" என்றாள்.

என் எட்டாம் வகுப்புப் படிப்புக்குப் புரிந்தவரை உன் நாடகம் இதுதான். கிழட்டுச் சினேகிதர்கள் இரண்டு பேர். ஒருவன் பழைய நடிகன். மற்றவன் பக்கத் திரைக்குப் பின்னால் நோட்டோடு நின்று அவனுக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தவன். ஒருநாள் வரி வராமல் நடிகன் மேடையில் ஊமையாக நிற்கிறான், மானம் போகிறது. நாற்பது வருஷம் கழித்து நோட்டுக்காரனை விருந்துக்குக் கூப்பிட்டுக் கேசரியில் விஷம் வைக்கிறான். பூனை சாகிறது, காக்கை சாகிறது, வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர் சாகிறார். இவன் மட்டும் சாகாமல், "இன்னும் கொஞ்சம் வைடா" என்கிறான். சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

மச்சான், 1969இல் தேவனாம்பட்டினத்து மாசி மக நாடகத்தில் நீ ராஜா, நான்தான் நோட்டுப் பிடித்தவன். உன்னைப் பார்க்கவென்றே மெட்ராஸ் நாடகக் கம்பெனிக்காரர் முன்வரிசையில் இருந்தார். நீ ஊமையாக நின்றாய். கடற்காற்றில் என் அரிக்கேன் விளக்கு அணைந்தது, எழுத்து தெரியவில்லை என்று அன்றைக்கே சொன்னேனே, நம்பவில்லையா? எனக்கு மிஞ்சியிருக்கும் சினேகிதன் நீ ஒருவன்தான். யாரை வைத்து எழுதினாய் என்று சொல்லிவிடு.

மீசை இழந்த,
தங்கராசு

சிதம்பரம்
11.8.2008

தங்கராசு மச்சானுக்கு,

போனில் பேச என் காது ஒத்துழைக்காது, அதனால் எழுத்துதான். யாரை வைத்து எழுதினேன் என்று கடிதத்திலேயே சொல்லிவிட்டால் நாடகம் எதற்கு? நோட்டுக்காரனாக நீ நடிக்க வேண்டும். நடிகன் நான். கடைசிப் பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்திருப்பாய். அது மறதி இல்லை. அந்த இடத்தில் உன் மனசில் இருப்பதை நீயே சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வா. சிவகாமுவிடம் கேசரி செய்யச் சொல்லியிருக்கிறேன்.

அம்பலம்

திருப்பாதிரிப்புலியூர்
19.8.2008

மச்சான்,

உயிரோடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்ததில் பக்கத்து சீட்டு ஆள், "எத்தன மாசம் பெரியவரே?" என்றான்.

உன் தட்டையும் என் தட்டையும் நான் மாற்றி வைத்ததைத் தங்கச்சி சிவகாமு பார்த்துவிட்டது. "ஏண்ணே, அதுல முந்திரி ஜாஸ்தியா?" என்றது.

"எனக்குச் சக்கர இருக்கு, முந்திரி ஆவாதும்மா" என்று உளறினேன்.

அதோடு விட்டதா? "அரிக்கேன் வெளக்கு காத்துக்கு அணையுமாண்ணே? எங்க வீட்டுல புயலுக்கே அணைஞ்சதில்லயே."

நீ சிரித்தாய். காது கேட்காதவன் எதற்குச் சிரித்தாய்?

முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். டிக்கெட் வாங்காதவன் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டு நிலைக்கண்ணாடியில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்தேன். என்னுடையதுதான். மீசை இல்லாததால் அப்படித் தெரிந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

நேராகவே கேட்கிறேன். என்மேல் உனக்குச் சந்தேகமா? ஆமாம் என்றால் நாடகமும் வேண்டாம், கேசரியும் வேண்டாம்.

தங்கராசு

சிதம்பரம்
27.8.2008

அட மடையா,

மேடையில் உன் காலில் விழுந்து சொல்லலாம் என்று வைத்திருந்தேன். கெடுத்துவிட்டாய்.

மூன்று மாசத்துக்கு முன் காது டாக்டரிடம் போனேன். "இது வயசால வந்ததில்ல சார். இருவது இருவத்தஞ்சு வயசுலயே ஆரம்பிச்சிருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அன்றைக்கு நீ வரியைச் சொல்லியிருக்கிறாய், எனக்குத்தான் கேட்கவில்லை. செவிடன் என்று தெரிந்தால் ஒருவனும் எனக்கு வேஷம் கொடுக்கமாட்டான் என்று, எரிந்த விளக்கை அணைந்ததாகச் சொல்லிப் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய். அரிக்கேன் காற்றுக்கு அணையாது என்று எனக்கும் தெரியும்டா.

நான் என்ன செய்தேன்? அத்தனை பேர் முன்னால் செருப்பைத் தூக்கினேன். நீ குனிந்து நின்றாய். இரண்டு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தேன்.

நாடகத்தில் விஷம் வைக்கும் முட்டாள் நான்தான். கடைசிப் பக்கத்தை நீ என்னைத் திட்டுவதற்காக விட்டு வைத்தேன். நாற்பது வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டு. என் வலது காதுப் பக்கமாக நின்று திட்டு.

உன்,
அம்பலம்

திருப்பாதிரிப்புலியூர்
12.1.2009

மச்சான்,

நாடகம் முடிந்து எட்டு நாள் ஆகிறது. ஜான்சி இன்னும் என்னைப் பார்த்தால், "அப்பா, ஒங்க அளவுக்கு யாராலயும் சாவாம இருக்க முடியாதுப்பா" என்று சிரிக்கிறாள். மீசையும் வளர்ந்துவிட்டது. அதுவும் நரைத்துத்தான் வருகிறது.

கடைசி இடத்தில் நான் வெகு நேரம் பேசாமல் நின்றேன். நடிப்பு என்று ஜனங்கள் நினைத்தார்கள். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். "கேசரியில சக்கர கம்மிடா" என்றேன். மண்டபமே கைதட்டியது. நீ அழுதுகொண்டே கட்டிப்பிடித்தாய். உன் வலது காது என் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

அந்த மாசி மகத்தன்று என் விளக்கு நன்றாக எரிந்தது. கைதியாகக் கட்டப்பட்டு நின்றவனைப் பார்த்து நீ கை நீட்டினாய், வரி மறந்தாய், என் பக்கம் திரும்பினாய். 'இவன் என் நண்பன், கட்டை அவிழ்த்து விடுங்கள்.' அந்த வரி என் விரலுக்கு நேரே இருந்தது. முன்வரிசையில் மெட்ராஸ்காரர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். இவன் போய்விட்டால் இனிமேல் யாருக்கு நோட்டுப் பிடிப்பேன் என்று நினைத்தேன்.

உன் காதில் குறையிருக்கலாம், அம்பலம். ஆனால் அன்றைக்கு நான் வாயையே திறக்கவில்லை.

தங்கராசு